பாலிங் முடியும்வரை பேச்சில்லை

மெர்போக்
14 ஜூன் 2025

உமாராணிக்கு,

உன் அண்ணி குணசுந்தரி எழுதுகிறேன். கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறியிருப்பாய். இங்கே எல்லாரும் நலம். உன் அண்ணன் செம்பனைப் பழ லோரியை எடுத்துக்கொண்டு விடியும் முன்பே போய்விட்டார். எனக்கு இன்று கையுறை ஃபேக்டரியில் மத்தியான ஷிஃப்ட்.

இது சமாதானக் கடிதம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜனவரியில் பாலிங் மலை ஓட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தோமே, அன்று சாயங்காலமே நம் தோட்டத்து முனியாண்டி கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தேன். பாலிங் ஐம்பது கிலோமீட்டரை ஓடி முடிக்கும்வரை உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன், உன் போனை எடுக்கமாட்டேன், வாட்ஸ்அப்பில் பதில் போடமாட்டேன். பூசாரி பரஞ்சோதி சாட்சி. கடிதத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. அதனால்தான் இப்போது எழுத முடிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பாலிங்கில் காட்டுக்குள் யாரையும் ஒற்றை ஆளாக விடுவதில்லை. இரண்டு பேராகப் பெயர் கொடுத்து, இரண்டு பேராகவே முடிக்க வேண்டும். ஒருத்தி விலகினால் மற்றவளும் விலகின மாதிரிதான். உனக்கு இது நன்றாகத் தெரியும். மூன்றாவது செக்பாயின்டில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் சட்டையில் குத்தியிருந்த நம்பரைக் கழற்றி அந்த மேசையில் வைத்தவள் நீதானே! நர்ஸ் என்கிற அதிகாரம். நான் நாற்காலியில் உட்கார்ந்துதானே இருந்தேன், செத்தா கிடந்தேன்?

வேறு ஜோடி தேடாமல் இல்லை. ஃபேக்டரியில் ஷீலாவைக் கேட்டேன். "பத்து கிலோமீட்டருக்கு மேலன்னா நான் பஸ் புடிச்சிருவேன்க்கா" என்றாள். இராசாத்திக்கு முட்டி சரியில்லை. ஆகவே வேறு வழியில்லாமல் உன்னைக் கேட்கிறேன். உன்னோடு பேசுவதில்லை என்றுதான் சத்தியம். ஓடுவதில்லை என்று இல்லை. வருகிறாயா, மாட்டாயா? பதிலைத் தபாலில் போடு.

குணசுந்தரி

---

பெண்டாங்
22 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிளினிக் விலாசத்துக்கு வந்தது. "மிஸ்ஸி, கோர்ட்டுலருந்தா?" என்று கவுண்ட்டர் பையன் பயந்துபோய்க் கொண்டுவந்து கொடுத்தான். இல்லை, என் அண்ணி என்றேன். பிரித்துப் படித்த பிறகு, அவன் சொன்னதிலும் பெரிய தப்பில்லை என்று தோன்றியது.

செத்தா கிடந்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். சாகவில்லை. உதடு வெளுத்திருந்தது, கை நடுங்கியது. "இன்னைக்கு என்ன நாள் அண்ணி?" என்று கேட்டேன். "தைப்பூசம்டி" என்றீர்கள். தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது! பால்குட விரதம், ஒரு வேளைச் சோறு, அதோடு ஐம்பது கிலோமீட்டர் மலை. காலையில் அரை டம்ளர் பாலைக் குடித்துவிட்டு, "நல்லா சாப்ட்டுதான் வந்தேன்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். நான் செய்தது சரி. இன்னொரு தடவை அப்படி நடந்தாலும் அதைத்தான் செய்வேன்.

ஆனால் அண்ணி, என் வருத்தம் வேறு. அன்று நாம் பெண்கள் ஜோடிகளில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தோம். என் கால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. உங்கள் நம்பரோடு சேர்த்து என் நம்பரையும்தான் கழற்றி வைத்தேன். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி உண்டா? ஐந்து மாதமாக அண்ணன் போனில் பேசும்போது பின்னால் உங்கள் சட்டி பானைச் சத்தம் மட்டும் கேட்கிறது. அது கோபச் சத்தம் என்பது எனக்குத் தெரியாதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அலோர் ஸ்டாரில் ஒரு பெண்கள் குழு. எல்லாரும் முப்பதுக்குள், நல்ல வேகக்காரிகள். வருகிற ஜனவரியில் ஒரு தொடரோட்டத்துக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். பாலிங் நடக்கிற அதே சனிக்கிழமை. அவர்களோடு போனால் மெடல் நிச்சயம்.

நான் வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்தால், இந்த சீசனில் எந்த எந்த ஓட்டம் என்பதை நான்தான் தேர்ந்தெடுப்பேன். சம்மதமா?

உமா

---

மெர்போக்
4 ஜூலை 2025

உமாவுக்கு,

உன் நம்பரும் சேர்ந்து போனது எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? தெரிந்ததால்தான் இத்தனை கோபம். என் பொருட்டு யாராவது எதையாவது இழந்தார்கள் என்று ஊரில் பேச்சு வந்ததில்லை. உனக்கு என்னால் ஒரு மெடல் போயிற்று என்பதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? கோயிலில்தான் வைத்தேன், கற்பூரமாக.

சரி, அலோர் ஸ்டார்க்காரிகளோடு போவதானால் தாராளமாகப் போ. நான் கெஞ்சமாட்டேன். நாற்பத்தாறு வயதில் வேகம் இல்லைதான். ஆனால் ஷிஃப்ட் முழுவதும் நின்றுகொண்டே கையுறை உருவுகிற கால் இது. உன் வேகக்காரிகள் ஒரு வாரம் என் லைனில் நின்று பார்க்கட்டும்.

ஓட்டங்களை நீ தேர்ந்தெடுப்பாயாம். கேட்டுக்கொள்கிறேன், ஒத்துக்கொள்வதாகச் சொல்லவில்லை. என் மனதில் இருப்பதையும் சொல்கிறேன். பினாங்குப் பாலத்தில் ஒரு தடவையாவது ஓட வேண்டும், கடலுக்கு மேல். லங்காவியில் ஒன்று இருக்கிறதாம். ஜெராய் மலை ஏற்றம் கட்டாயம், தினமும் வாசலில் நின்று பார்க்கிற மலையை ஏறாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? உங்கள் பெண்டாங் வயல்வெளிப் பன்னிரண்டு மணி நேர ஓட்டம். கடைசியில் பாலிங். மொத்தம் ஐந்து.

உன் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்கிறார். அவருக்கு மீசை இருக்கிறது, சொல்வார்.

குணசுந்தரி

---

பெண்டாங்
12 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஐந்து இல்லை, மூன்று. காரணம் சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

பினாங்குப் பாலம் வேண்டாம். கூட்டம். முதல் பாதி முழுக்க அடுத்தவர் குதிகாலை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். தாரில் இடித்து இடித்து உங்கள் முட்டி போய்விடும், மலைக்கு மிச்சம் இருக்காது. கடலுக்கு மேல் போக ஆசையென்றால் அண்ணனை லோரியில் கூட்டிப்போகச் சொல்லுங்கள். லங்காவியும் வேண்டாம். ஃபெரியில் ஏறினாலே அண்ணன் வாந்தி எடுப்பார். அவரைப் பார்த்துக்கொள்வதா, ஓடுவதா?

ஆகஸ்ட் கடைசியில் பெண்டாங், அது சரி. சமதரை, வெயில், ஒரே பாதையில் சுற்றிச் சுற்றி வர வேண்டும். சலிப்பைத் தாங்கப் பழக்கும். பாலிங்கில் கால் தோற்பதற்கு முன்னால் மனசு தோற்கும், அதற்கு இது மருந்து. அக்டோபரில் ஜெராய். ஏறுவதற்கு இல்லை, இறங்குவதற்காக. இறக்கத்தில் நீங்கள் பிரேக் பிடித்துப் பிடித்துத்தான் தொடையைக் கெடுத்துக்கொள்கிறீர்கள். பிறகு ஜனவரியில் பாலிங். நடுவில் வேறு எதற்கும் பெயர் கொடுக்கக் கூடாது. ஷீலா கூப்பிட்டாள், கோயில் நிதிக்கு ஓட்டம் என்று எங்கேயும் போய் நிற்கக் கூடாது.

பாலிங்கா என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அலோர் ஸ்டார் குழுத் தலைவி போன் செய்தாள். "எங்க அண்ணிகூட பாலிங் ஓடலாம்னு இருக்கேன்லா" என்றேன். அண்ணிக்கு என்ன வயது என்று கேட்டாள். சொன்னேன். சிரித்தாள். அதுவரை எனக்குச் சந்தேகம் இருந்தது. அவள் சிரித்ததும் முடிவு செய்துவிட்டேன்.

நம் இருவர் பெயரையும் நேற்றே மூன்றுக்கும் பதிந்தாயிற்று. ஜோடிக்குப் பெயர் ஒன்று கேட்டார்கள். "அண்ணி நாத்தனார்" என்று போட்டேன். மாற்றச் சொன்னால் மாற்றமாட்டேன்.

உமா

---

பெண்டாங்
4 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

கால் வீக்கம் வடிந்ததா? கேட்டால் அண்ணன், "அவ பேக்டரிக்குப் போய்ட்டாளே" என்கிறார். உங்களை என்ன செய்வது!

பன்னிரண்டு மணி நேரம் என் பக்கத்திலேயே ஓடி ஒரு வார்த்தை பேசாத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. தாகமா, சோர்வா, ஒன்றும் தெரியாது. வரப்பில் நின்ற கொக்கைப் பார்த்து, "கொக்கே, பின்னால வர்றவள தண்ணி குடிக்கச் சொல்லு" என்றீர்கள். வைக்கோல் புகை வந்தபோது, "முருகா, அவளுக்கு மூக்குல துணி கட்டத் தெரியாதா?" என்றீர்கள். என்னை வேகப்படுத்த முதுகில் ஒரு அடி. அது இன்னும் வலிக்கிறது. தண்ணீர் கொடுத்த மலாய் அம்மா என்னைத் தனியாக இழுத்து, "காடோ கா?" என்று கேட்டார். சண்டைதான் மாக்சிக், ஆனால் குடும்பச் சண்டை என்றேன். அவர் புரிந்துகொண்டு எனக்குக் கூடுதலாக ஒரு பிசாங் கோரெங், சூடான வாழைப்பழப் பொரியல், கொடுத்தார்.

மூன்றாம் இடம் வந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. மேடையில் உங்களிடம் மைக்கைக் கொடுத்தார்கள். மலாயில் இரண்டு வரி சொல்லிவிட்டு, என்னைக் காட்டி, தமிழில், "இவ என் நாத்தனா. இவ இல்லன்னா நான் இங்க இல்ல" என்றீர்கள். கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். எனக்குத் தெரியும், அது போதும்.

என்னிடம் நீங்கள் பேசவில்லை, என்னைப் பற்றித்தான் பேசினீர்கள். சத்தியம் உடையவில்லை. சரிதானே?

பரிசு அரிசி மூட்டையை அண்ணன் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். என் பங்கு அரிசியில் இட்லி மாவு அரைத்து அனுப்புங்கள்.

உமா

---

மெர்போக்
21 அக்டோபர் 2025

உமாவுக்கு,

நேற்றுத் தீபாவளிக்கு நீ வந்தாய், சாப்பிட்டாய், உன் அண்ணனோடு பேசிச் சிரித்தாய், போனாய். நான் உன் தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டே இருந்தேன். போதும் என்று நீ சொன்னாலும் கேட்கவில்லை. அதற்கு மேல் எப்படிப் பேசுவது?

ஜெராய் இறக்கத்தில் நீ சொன்னபடி கையை விரித்து, காலை விட்டுவிட்டு ஓடினேன். பயமாகத்தான் இருந்தது. கீழே வந்து திரும்பிப் பார்த்தால் என் வயதுக்காரிகள் ஒருத்தியையும் காணோம். அந்த மலையை இப்போதும் வாசலில் நின்று தினமும் பார்க்கிறேன். இப்போது அதுவும் என்னைப் பார்க்கிறது.

இனி நீ விரும்பாத செய்தி. டிசம்பர் நடுவில் தைப்பூச விரதம் தொடங்குகிறது. பாலிங் மறுபடியும் விரதத்துக்குள்தான் வருகிறது. நீ நாள்காட்டியைப் பார்த்திருப்பாய். பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருக்கிறாய்.

எதற்காக இந்தப் பால்குடம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. குரூண் பக்கம் லோரி கவிழ்ந்து உன் அண்ணன் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது, டாக்டர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் முருகனிடம்தான் பேசினேன். ஆள் எழுந்து நடந்தால் ஆயுசு உள்ளவரை வருஷத்துக்கு ஒரு பால்குடம், ஒரு வேளைச் சோறு. அவர் எழுந்து நடந்தார். நான் வாக்கை மாற்றினால் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன்?

உன் அண்ணன் நேற்று ராத்திரி, "ரெண்டுல ஒண்ண வுடும்மா" என்றார். எதை விட? ஒன்று அவருக்காக, ஒன்று எனக்காக. அவருக்காக உள்ளதை விடமாட்டேன். எனக்காக என்று நான் செய்வதும் இது ஒன்றுதான், இதையும் விடமாட்டேன். நீ வேண்டுமானால் விலகிக்கொள். இந்த முறை முன்கூட்டியே கேட்டுவிட்டேன்.

குணசுந்தரி

---

பெண்டாங்
2 நவம்பர் 2025

அண்ணி,

அன்புள்ள என்று எழுத இன்று மனசு வரவில்லை. இரண்டு தடவை கிழித்துப்போட்டு இதை எழுதுகிறேன்.

ஒரு வேளைச் சோற்றோடு நீங்கள் வந்தால் நான் ஓடமாட்டேன். தொடக்கக் கோட்டிலேயே நம்பரைக் கழற்றி வைப்பேன். மூன்றாவது செக்பாயின்ட்வரை கூடக் காத்திருக்கமாட்டேன். ஒரு தடவை உங்கள் கையைப் பிடித்து நாடி பார்த்தது போதும். அன்று என் கை நடுங்கியது உங்களுக்குத் தெரியாது. உங்கள் கையே நடுங்கிக்கொண்டிருந்ததால் உங்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஓட்டங்களை மட்டும் பார்த்து சீசனைத் தேர்ந்தெடுத்தேன். அது என் தப்பு. பால்குடமும் இந்த சீசனில் ஒன்றுதான். வெயிலில், வெறுங்காலோடு, தலையில் குடத்தோடு, தோட்டத்திலிருந்து சுங்கை பட்டாணிவரை நடப்பது என்ன, சின்ன ஓட்டமா? அதற்கும் ஒரு தேதி போட வேண்டும். முருகனுக்குத் தைப்பூசம் மட்டும்தானா? சித்ரா பௌர்ணமிக்கு எத்தனை பேர் பால்குடம் எடுக்கிறார்கள்! அடுத்த வருஷம் அது மே ஒன்றாம் தேதி. தொழிலாளர் தினம், உங்களுக்கும் எனக்கும் லீவு. ஜனவரியில் மூன்று வேளையும் சாப்பிட்டு பாலிங்கை முடியுங்கள். பிறகு விரதத்தைத் தொடங்குங்கள்.

வருஷத்துக்கு ஒன்று என்றுதானே வாக்கு? வருஷம் தவறவில்லை.

இன்னொன்று. அவர் உங்களுக்குப் புருஷன் என்றால் எனக்கு அண்ணன். அந்த ஆஸ்பத்திரி நடைபாதையில் நானும்தான் நின்றேன். பிரார்த்தனையை முழுக்க நீங்களே எடுத்துக்கொண்டீர்கள், எனக்குப் பங்கு கொடுக்கவில்லை. இந்த முறை நானும் விரதம் இருந்து, நானும் வெறுங்காலோடு, உங்கள் பக்கத்தில் குடம் எடுத்து நடக்கிறேன். சாமி கும்பிடத் தெரியாதவள் என்று என்னை எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பீர்கள்! வந்து பாருங்கள்.

உமா

---

மெர்போக்
29 நவம்பர் 2025

உமாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் உன் அண்ணனோடும் பேசவில்லை. "நான் என்னம்மா செஞ்சேன்?" என்றார் பாவம். முருகனையே தேதி மாற்றச் சொல்கிறாளே உன் தங்கச்சி என்றேன். "அவ கிளினிக்குல எல்லாருக்கும் தேதி குடுக்குறவதானே" என்றார்.

ஆனால் பங்கு கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். அந்த நடைபாதையில் நீ இருந்தாய். யூனிஃபார்மோடு நின்றாய், அதனால் உன்னை ஆஸ்பத்திரிக்காரியாக நினைத்துக்கொண்டேன். தங்கச்சியாக நினைக்கவில்லை.

நானாக முடிவு செய்ய விருப்பமில்லை. பரஞ்சோதியிடம் சொல்லிப் பூ கேட்டேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், கோயிலில் இருக்கிற முருகன் காலடியில் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சித்ரா பௌர்ணமி, சிவப்பு வந்தால் தைப்பூசம். முதலில் சிவப்பு வந்தது. பாலிங் போயிற்று என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, அந்த மலையை எவ்வளவு விரும்புகிறேன் என்று.

"மூணு தரம் கேக்கறதுதான் வழக்கம், அழுவாதம்மா" என்றார் பரஞ்சோதி. நான் அழவில்லை. கண்ணில் கற்பூரப் புகை. இரண்டாம் தரம் வெள்ளை. மூன்றாம் தரமும் வெள்ளை. முருகனும் முதலில் கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான் ஒத்துக்கொண்டார். நம் வீட்டு ஆள்தானே.

ஆகவே ஜனவரியில் மூன்று வேளையும் சாப்பிடுவேன். முட்டை, மீன், நீ சொல்கிற எல்லாம். மே மாதத்தில் நீ வார்த்தை தவறினால், மறுபடியும் கற்பூரம் வாங்கக் கடை தூரமில்லை.

குணசுந்தரி

---

பாலிங், மூன்றாவது செக்பாயின்ட்
17 ஜனவரி 2026
பாதை வரைபடத்தின் பின்பக்கத்தில்

உமா,

கணுக்கால் வீங்கியிருக்கிறது, பார்க்கிறேன். மேசைக்காரர் உன்னை விட்டுவிட்டு என்னைக் கேட்கிறார், "தெருஸ் கா, பெர்ஹெந்தி?" என்று. தொடர்வதா நிறுத்துவதா என்று நான் சொல்லமாட்டேன். அவரிடம்தான் இந்தப் பேனாவை வாங்கினேன். உன் கால், நீ சொல். நிறுத்தினால் என் நம்பரை நானே கழற்றி உன் நம்பர் பக்கத்தில் வைப்பேன், முகம் சுளிக்கமாட்டேன். இன்னொரு வருஷம் பேசாமல் இருந்தால் குடியா முழுகிவிடும்? தபால்காரருக்கும் வேலை வேண்டாமா?

அண்ணி

அதன் கீழே:

அண்ணி, சுளுக்குத்தான், எலும்பு இல்லை. நர்ஸ் சொல்கிறேன். கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறேன். ஓட முடியாது, நடக்கலாம். நேரம் இருக்கிறது. போவோம். நீங்கள் முதலில் அந்த வாழைப்பழத்தைத் தின்னுங்கள்.

உமா

---

மெர்போக்
26 ஜனவரி 2026

அன்புள்ள உமாவுக்கு,

இப்போது போனில் பேசலாம்தான். நேற்றுக்கூட என் காது சூடாகும்வரை பேசினாய். இருந்தாலும் இதை எழுதுகிறேன். முகத்துக்கு நேராகச் சொன்னால் நீ அழுவாய், அப்புறம் என்னையும் அழ வைப்பாய்.

கிளினிக் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாயாமே. உன் அண்ணன் சொன்னார். சரி, சொல். ஆனால் முழுசாகச் சொல். கடைசி இறக்கத்தில் நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்ததைச் சொல். கட் ஆஃப் நேரம் முடியப் போகிறது என்று மேலிருந்தே கேட்டது, மைக்கில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். நமக்குப் பின்னால் ஒரே ஒரு ஜோடிதான். போன வருஷம் இரண்டாவதாகப் போனவர்கள் இந்த வருஷம் கடைசிக்கு முந்தின ஜோடி. அதையும் மறைக்காமல் சொல். எனக்கு வெட்கமில்லை. தலை நிமிர்ந்துதான் உள்ளே வந்தேன். கோட்டுக்கு அந்தப்பக்கம் உன் அண்ணன் லோரியில் உட்கார்ந்து ஹாரனை அழுத்திய அழுத்தில் காட்டில் இருந்த குரங்கெல்லாம் ஓடியிருக்கும். "அண்ணி நாத்தனார்" என்று மைக்கில் ஒரு மலாய்க்காரர் கஷ்டப்பட்டு வாசித்தார். என் பெயரை எழுதியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்திருக்காது.

கோட்டைத் தாண்டியதும் நீ என்னைப் பிடித்து நிறுத்தி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அண்ணி பேசப் போகிறாள், என்ன சொல்லப் போகிறாள் என்று. உன் அண்ணனும் இறங்கி ஓடி வந்து நின்றார். மன்னிப்புக் கேட்பேன் என்று நினைத்தாயா? நன்றி சொல்வேன் என்றா? நானும் வழியெல்லாம் என்னென்னமோ யோசித்துத்தான் வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வந்தது ஒன்றுதான்.

"பசிக்குதுடி."

நீ சிரித்தாய், அப்புறம் தரையில் உட்கார்ந்து அழுதாய். உன் அண்ணன் கையிலிருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிடுங்கி நீயே பிரித்துக் கொடுத்தாய்.

உங்கள் வீட்டுக்கு நான் மருமகளாக வந்து இருபத்து மூன்று வருஷம். பசிக்கிறது என்று நான் யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை உமா. உன் அம்மாவிடம் கேட்டதில்லை, உன் அண்ணனிடமும் கேட்டதில்லை. போடுகிற கை என்னுடையது, கேட்கிற வாய் என்னுடையது இல்லை என்றுதான் வளர்ந்தேன். முருகனிடம்கூட ஒரு வேளை போதும் என்றேன். வாழ்க்கையில் முதன்முதலாக உன்னிடம்தான் கேட்டேன். கிளினிக்கில் யாராவது அதற்குச் சிரித்தால், இந்த இடத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டு.

மெடலைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். உன்னுடையதை நீ கிளினிக்கில் மாட்டு. அலோர் ஸ்டார்க்காரி ஊசி போட வந்தால் பார்க்கட்டும்.

கணுக்கால் நன்றாக ஆறட்டும், அவசரப்படாதே. மே ஒன்றாம் தேதி விடியற்காலை செருப்பில்லாமல் வந்து நில். அந்த நடைக்கு நம்பர் கிடையாது, கழற்ற ஒன்றுமில்லை. பாலை ஊற்றி முடித்ததும் உனக்குப் பசிக்கும். கூச்சப்படாமல் என்னிடம் கேள்.

உன் அண்ணி
குணசுந்தரி